மாடித்தோட்டம்: எந்த மாசம் எதை போடணும், எப்ப சும்மா இருக்கணும்

நர்சரிக்கு போனா வருஷம் பூரா தக்காளி நாத்து கிடைக்கும், காலிபிளவர் விதை பாக்கெட் ஏப்ரல் மாசத்துலயும் ஸ்டாண்டுல தொங்கிட்டு இருக்கும், கேட்டா எல்லா சீசனுக்கும் வரும்னு சொல்லி குடுத்துடுவாங்க. வராதுங்க. மே மாசம் மாடியில தக்காளி செடி வளரும், பச்சைப்பசேல்னு கூட வளரும், பூவும் வரும், ஆனா ராத்திரியிலயும் சூடு இறங்கலன்னா அந்தப் பூ பிஞ்சு பிடிக்காம அப்படியே உதிர்ந்துடும், நீங்க என்ன உரம் போட்டாலும் சரி. நிறைய பேர் தோட்டத்தை விட்டுட்டு போறது இந்த இடத்துலதான், நமக்கு கைராசி இல்லன்னு நெனச்சுக்கிட்டு. ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல, மாசம் தப்பு, அவ்ளோதான்.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். வருஷத்துல ரெண்டு காலம் வேலை காலம், ஆடியில இருந்து புரட்டாசி வரைக்கும் ஒண்ணு, கார்த்திகை கடைசியில இருந்து மாசி வரைக்கும் ஒண்ணு. நடுவுல ரெண்டு காலம், ஐப்பசி அடைமழையும் கத்திரி வெயிலும், அப்ப செடிய உயிரோட வச்சிருந்தாலே பெரிய விஷயம். இத ஒத்துக்கிட்டா பாதி டென்ஷன் போயிடும்.

நான் சொல்றது சென்னை, செங்கல்பட்டு, புதுச்சேரி பக்கத்து மாடிக்கு. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இவ்ளோ அடைமழை கிடையாது, குளிரும் கொஞ்சம் கூட, அதனால கேரட் முட்டைகோஸ்லாம் நம்மளவிட ஈசியா வரும், ஆனா ஆனி ஆடியில பாலக்காட்டு கணவாய் காத்து அடிக்கும் பாருங்க, அதுக்கு கொடி பந்தல நல்லா இழுத்து கட்டலன்னா காலையில வந்து பாக்கும்போது கீழ் வீட்டு பால்கனியில கிடக்கும். கன்னியாகுமரி பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு, அங்க இருக்குறவங்க நான் சொல்ற மாசத்த அப்படியே எடுத்துக்காதீங்க.

வைகாசி, ஆனி: மண்ணு வேலை

விதை வாங்குறதுக்கு முன்னாடி மண்ண பாருங்க. போன வருஷம் பயிர் எடுத்த பையில அதே மண்ண கிளறிவிட்டு அப்படியே போடுறது நல்லா இல்ல. தக்காளி, கத்தரி செடிய பிடுங்கும்போது வேர்ல முடிச்சு முடிச்சா இருந்துச்சுன்னா அது நூற்புழு, அந்த மண்ணுல திரும்ப தக்காளி போட்டா திரும்பவும் அதேதான். கத்திரி வெயில திட்டிக்கிட்டே இருக்கோம்ல, அதுக்கு இருக்குற ஒரே நல்ல உபயோகம் இதுதான்: பழைய மண்ண மாடியில ஒரு தார்பாய் மேல அரை அடி உயரத்துக்கு பரப்பி, லேசா தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மேல ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரமெல்லாம் செங்கல் வச்சு நாலு வாரம் விட்டுடுங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், ஒளி உள்ள போனாத்தான் மண்ணு வேகும். மண்ணு ஈரமா இருக்கணும்ங்கறது முக்கியம், காஞ்ச மண்ணுல சூடு உள்ள இறங்காது. பூஞ்சை, நூற்புழு, களை விதை மூணுமே நல்லா குறையும்.

அப்புறம் கலவை. செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னைநார் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் இல்லன்னா நல்லா மக்கின தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கட்டியா விக்கிற கோகோபீட்ட ஊறவச்சு ரெண்டு தடவையாவது அலசி பிழிஞ்சுட்டு போடுங்க, அதுல உப்பு இருக்கும், அலசாம போட்டுட்டு நாத்து கருகுதுன்னு கேக்குறவங்க நிறைய. மக்காத சாணி போடவே கூடாது, மண்ணு சூடாகி வேர் வெந்துடும், அதோட வெள்ளையா மொத்தமா சுருண்டு கிடக்குற வேர்ப்புழு வரும். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம்னு மண்ணுக்கு நல்லது பண்ற நுண்ணுயிர் எல்லாம் வேளாண் கடையில பாக்கெட்டா கிடைக்குது, காலாவதி தேதி பாத்து வாங்கி மண்புழு உரத்தோட கலந்து ஈரச்சாக்கு மூடி நிழல்ல ஒரு வாரம் வச்சுட்டு பைக்கு போடுங்க. வெயில்ல சூடுபண்ணின மண்ணுல நல்ல நுண்ணுயிரும் செத்திருக்கும், அதனால இந்த ஸ்டெப்ப தள்ளிப்போடாதீங்க. முதல் தடவை ஆரம்பிக்கிறவங்க தோட்டக்கலைத் துறையில மானிய விலையில மாடித்தோட்ட கிட் அப்பப்ப குடுப்பாங்க, விசாரிச்சு பாருங்க, பை, தென்னைநார் கட்டி, விதை எல்லாம் சேத்து வரும்.

பை சைஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 12 இன்ச் பை. பீர்க்கை, புடலை, பாகல் மாதிரி கொடிக்கு 18 இன்ச், இல்லன்னா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ட கழுவி அடியில ஓட்டை போட்டுக்கலாம். கீரைக்கு ஆழம் தேவையில்ல, அகலம்தான் வேணும். 12 இன்ச் பை மழையில ஊறினா 20 கிலோ பக்கம் வரும்ங்கறத மறந்துடாதீங்க, அதனால மாடி நடுவுல கூட்டமா வைக்காம பீம் போற லைன்லயும் கைப்பிடி சுவர் ஓரமாவும் வைங்க, தரையில நேரா வைக்காம செங்கல் மேலயோ ஸ்டாண்டுலயோ ஏத்தி வைங்க. வீட்டு ஓனர் சீலிங்ல ஈரக்கறை பாத்தார்னா அன்னைக்கோட தோட்டம் காலி.

இஞ்சி, மஞ்சள் கிழங்க இந்த சமயத்துலயே புதைச்சுடணும். சித்திரை கடைசி, வைகாசியில வச்சாத்தான் பொங்கலுக்கு பானையில கட்ட மஞ்சக்கொத்து நம்ம வீட்டுல இருந்தே வரும். கொஞ்சம் நிழல் விழுற இடம் போதும், வெயில் இல்லாத மாடின்னு புலம்புறவங்களுக்கு இது நல்ல பயிர்.

ஆடிப்பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லல. கத்திரி சூடு தணிஞ்சிருக்கும், சாயங்காலம் சாயங்காலம் ஒரு இடிமழை வரும், பெருமழைக்கு இன்னும் ரெண்டு ரெண்டரை மாசம் இருக்கும், அதுக்குள்ள செடி வேர் புடிச்சு காய்ப்புக்கு வந்துடும். கத்தரி, மிளகாய்க்கு ஆனி கடைசியிலேயே குழித்தட்டுல (சின்னச் சின்ன குழி இருக்குற நாத்து தட்டு) விதை போட்டுடுங்க, கத்தரி நாத்து ஒரு மாசத்துல ரெடியாகும், மிளகாய்க்கு 40 நாள் வேணும். வெண்டை, கொத்தவரை, காராமணி, கொடி காய்கள் எல்லாம் நேரடியா பையில ஊனணும், நாத்து விட்டு பிடுங்கி நட்டா வெண்டைக்கு பிடிக்காது. விதையோட பருமன்ல ரெண்டு மடங்கு ஆழம், அதுக்கு மேல வேண்டாம். பாகல், பீர்க்கை விதை ஓடு கெட்டி, ராத்திரி பூரா ஊறவச்சு மூக்கு பக்கம் நகவெட்டியால லேசா நறுக்கிட்டு போட்டா சீக்கிரம் முளைக்கும்.

கொடி அவரை போட ஆசை இருந்தா ஆடியிலேயே போட்டுடுங்க, இதுல நெகிழ்வே கிடையாது. அது பகல் நேரம் குறைஞ்சாத்தான் பூக்கும். ஆடியில போட்டது கொடி ஏறி நிக்கும், ஐப்பசி கார்த்திகைக்கு மேல பூத்து மார்கழி தை பூரா காய்க்கும். அதே விதைய தையில போட்டா பந்தல் முழுக்க இலையா வளந்து நிக்கும், ஒரு பூ பாக்க முடியாது. வருஷம் பூரா வேணும்னா செடி அவரை வாங்கிக்கங்க, ருசி கொடி அவரைக்கு பக்கத்துல வராது, அது என் அபிப்பிராயம்.

கொடி காய்ல எல்லாருக்கும் வர்ற சந்தேகம், பூவா பூக்குது பிஞ்சே நிக்கலங்கறது. முதல்ல வர்றது எல்லாம் ஆண் பூ, பயப்படாதீங்க. அப்புறம் பூவுக்கு பின்னாடி குட்டியா காய் மாதிரி இருக்குறது வரும், அதுதான் பெண் பூ. அது மஞ்சளாகி அழுகி விழுதுன்னா மகரந்தம் சேரல, மூணாவது மாடி நாலாவது மாடிக்கெல்லாம் தேனீ வர்றது கம்மி. ஆண் பூவ பறிச்சு இதழ நீக்கிட்டு பெண் பூ நடுவுல மெதுவா தடவிவிடுங்க. நேரம் முக்கியம்: பாகல், பூசணி காலையில விரியும், பீர்க்கை, சுரை சாயங்காலம்தான் விரியும், ஆபீஸ் போயிட்டு வந்து பண்றதுக்கு பீர்க்கைதான் வசதி. பிஞ்சு நின்னதும் பழ ஈ குத்திடும், அந்த இடம் வளைஞ்சு உள்ள புழு வச்சிடும். பிஞ்சுக்கு நியூஸ்பேப்பர் கூம்பு இல்லன்னா மெல்லிசு துணிப்பை மாட்டிடுங்க. பொறி வாங்குறதா இருந்தா கடையில க்யூலூர்னு கேட்டு வாங்குங்க, மீத்தைல் யூஜினால் பொறி மா, கொய்யாவுக்கு வர்ற ஈக்கு, அத பாகல் பந்தல்ல மாட்டி பிரயோஜனம் இல்ல, கடைக்காரங்களே இத மாத்தி குடுக்குறது உண்டு.

உரம்னு பாத்தா பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் உருவாக்கின பஞ்சகவ்யா 3 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி, வேர்லயும் ஊத்தலாம், வடிகட்டி இலையிலயும் தெளிக்கலாம். அதுக்கு அடுத்த முறை கடலைப்புண்ணாக்கு ஊறின தண்ணிய பத்து மடங்கு தண்ணி விட்டு ஊத்துங்க. வெங்காயத்தோல் தண்ணி, வாழைப்பழத்தோல் தண்ணின்னு தினம் ஒண்ணு ரீல்ஸ்ல வருது, அதெல்லாம் கம்போஸ்ட் பின்ல போட்டா உருப்படியா மக்கி உரமாகும், முட்டை ஓட்ட அப்படியே தூவுறதால இந்த சீசன் செடிக்கு சுண்ணாம்பு சத்து போய் சேராது, அது கரைய அவ்ளோ நாள் ஆகும்.

பூச்சியில ரெண்ட மட்டும் பிரிச்சு பாக்க கத்துக்கங்க. மிளகாய் இலை மேல் நோக்கி படகு மாதிரி சுருண்டா இலைப்பேன், கீழ் நோக்கி சுருண்டா சிலந்திப்பேன். ரெண்டுக்குமே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதோட கொஞ்சம் காதி சோப் கரைசல், நல்லா குலுக்கி சாயங்காலம், இலைக்கு அடியில படுற மாதிரி. மேல மட்டும் அடிச்சுட்டு கேக்கலன்னு சொல்லக்கூடாது. வெண்டை இலை நரம்பு மஞ்சளா வலை மாதிரி ஆச்சுன்னா அது வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ், மருந்தே கிடையாது, பிடுங்கி குப்பையில போட்டுட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டுங்க.

மாவுப்பூச்சி பத்தி ஒரு வார்த்தை. செம்பருத்தியில வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும்ல, அதுக்கு முன்னாடி எறும்ப கவனிங்க, எறும்புதான் அத செடிக்கு செடி தூக்கிட்டு போகுது. ஸ்டாண்ட் கால தண்ணி கிண்ணத்துல வச்சா பாதி குறையும், மிச்சத்த தண்ணிய பீச்சி அடிச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு எடுங்க. கடைக்காரர் குடுக்குற கடுமையான மருந்து எதுக்கு வேண்டாம்ங்கறேன்னா, 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணு விடாம அழிச்சப்ப எந்த மருந்துக்கும் அது அடங்கல, 2010ல புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணி குளவிய கொண்டு வந்து விட்டதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு. அந்த மாதிரி குளவி, பொறிவண்டு எல்லாம் நம்ம மாடிக்கும் வரும், விஷம் அடிச்சா முதல்ல சாகுறது அதுங்கதான்.

புரட்டாசி கடைசி, ஐப்பசி, கார்த்திகை: மழை

வடகிழக்கு பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி மாடிய ஒரு ரவுண்டு வாங்க. ஒவ்வொரு பையோட வடிகால் ஓட்டையிலயும் குச்சி விட்டு குத்துங்க, வேர் போய் அடைச்சிருக்கும். மாடி மழைநீர் குழாய் வாய்ல இலை தேங்காம ஒரு வலை. பையில மண்ணு நடுவுல பள்ளமா இல்லாம கொஞ்சம் மேடா ஆக்கிவிடுங்க. தட்டுல வச்சிருக்குற தொட்டிக்கெல்லாம் தட்ட எடுத்துடுங்க, வேர் அழுகுறதும் அதுலதான், கொசு முட்டை வைக்கிறதும் அதுலதான்.

இந்த ரெண்டு மாசம் புது விதை எதுவும் வெளியில போடாதீங்க. கீரை விதை மழையில அடிச்சுட்டு போயிடும், முளைச்சதும் சாஞ்சு அழுகிடும். ஷெட்டுக்கு அடியிலயோ பால்கனியிலயோ குழித்தட்டு வச்சு தக்காளி, காலிபிளவர், முட்டைகோஸ், நூக்கல் நாத்து விடுறதுக்குத்தான் இந்த நேரம். தக்காளியில பெரியகுளம் பி.கே.எம்-1 ரகம் தொட்டிக்கு நல்லா வரும். நத்தை, மரவட்டை ரெண்டும் கூட்டமா வரும், ராத்திரி ஒரு ஈரச்சாக்கோ பப்பாளி இலையோ விரிச்சு வச்சீங்கன்னா காலையில எல்லாம் அதுக்கு அடியில ஒதுங்கியிருக்கும், எடுத்து அப்புறப்படுத்திடலாம். நத்தைக்கு உப்பு போடுறேன்னு மண்ணுல உப்ப கொட்டிடாதீங்க. முருங்கை வச்சிருக்குறவங்க தண்டுல கம்பளிப்புழு அடையா ஒட்டியிருக்கான்னு பாருங்க, வெறும் கையால தொட்டா அன்னைக்கு பூரா அரிப்புதான்.

புயல் அறிவிப்பு வந்தா யோசிக்கவே வேண்டாம், ஷேட் நெட்ட அவுத்து மடிச்சு உள்ள வைங்க. 2016 டிசம்பர் 12 வர்தா அன்னைக்கு எத்தனையோ மாடியில வலை பாய்மரம் மாதிரி காத்த பிடிச்சு கம்பிய வளைச்சு இழுத்துட்டு போச்சு. உயரமான செடிய படுக்க வைங்க, கைப்பிடி சுவர் மேல இருக்குற தொட்டிய எல்லாம் கீழ இறக்குங்க, அது நம்ம செடிக்காக இல்ல, கீழ நடந்து போறவங்க தலைக்காக.

மழை விட்டு நாலு நாள் வெயில் வந்ததும் செடி எல்லாம் வெளிறி மஞ்சளா தெரியும். சத்து எல்லாம் கழுவிட்டு போயிருக்கும், அவ்ளோதான், மேல் மண்ண லேசா கிளறி ஒரு கைப்பிடி மண்புழு உரம், கொஞ்சம் சூடோமோனாஸ் தண்ணியில கலந்து ஊத்துங்க, தேறிடும்.

நவம்பர் கடைசி வாரம் குண்டுமல்லிக்கு கவாத்து. மனசு வராது, தெரியும், ஆனா தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்த நறுக்கிடணும், தொட்டியில இருந்தா பாதிக்கு பாதி. இலைய உருவி, மண்ண கொத்தி, தொழுவுரம் வச்சீங்கன்னா மாசி கடைசியில மொட்டு விட ஆரம்பிச்சு கோடை பூரா பூக்கும். வெட்டாம விட்ட செடியில புதுக்கிளை வராது, புதுக்கிளை வந்தாத்தான் பூ. ரோஜாவுக்கும் இதே சமயத்துல காஞ்ச குச்சி, நோய் விழுந்த குச்சி எல்லாம் எடுத்துடுங்க.

மார்கழி, தை, மாசி

வருஷத்துலயே நல்ல மாசங்கள். கார்த்திகை கடைசியில நாத்த எடுத்து நட்டா தக்காளி தை, மாசியில கொத்துக்கொத்தா இருக்கும். முள்ளங்கி 45 நாள், பீட்ரூட், கேரட்டுக்கு கல்லு இல்லாத பொலபொலன்னு மண்ணு வேணும், கேரட் முளைக்க பத்து பதினஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் மேல ஈரத்துணி போட்டு வைங்க. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக் எல்லாத்துக்கும் இதுதான் நேரம், தனியாவ உருட்டி ரெண்டா உடைச்சுட்டு போடணும்.

பனி விழறதால அவரையில கறுப்பா அசுவினி மொய்க்கும், கொடி சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அசுவினிக்கு தண்ணிய வேகமா பீச்சினாலே போதும், தொடர்ந்து மூணு நாள். சாம்பல் நோய்க்கு புளிச்ச மோர ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி விட்டு தெளிங்க, அடர்த்தியா இருக்குற இலைய கழிச்சு காத்து போக விடுங்க. தக்காளி அடிப்பக்கம் கறுத்து அழுகினா அது நோய் இல்ல, ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் குளம் கட்டுறதால சுண்ணாம்பு சத்து காய்க்கு போகல, தண்ணிய சீரா விடுங்க.

தை பொறந்ததும் அடுத்த ரவுண்டு விதை: வெண்டை, வெள்ளரி, கொத்தவரை, பூசணி, கீரை. மாசி தாண்டி விதைக்காதீங்க.

பங்குனி, சித்திரை, கத்திரி

மே 4ல இருந்து 28 வரைக்கும் சொல்றாங்களே தவிர மாடி தரை பங்குனியிலேயே கொதிக்க ஆரம்பிச்சுடும். 50 சதவீத ஷேட் நெட் போடுங்க, அத தலைக்கு மேல நல்லா உயரமா, காத்து போற மாதிரி. பைக்கு மேல ரெண்டு இன்ச் மூடாக்கு, காஞ்ச இலை, தேங்கா நார், கரும்பு சக்கை எது கிடைக்குதோ. கறுப்பு தொட்டிய வெள்ளை சாக்கு சுத்தி வைங்க. காலை ஏழு மணிக்குள்ள ஒரு தண்ணி, வெயில் சாஞ்சதும் ஒரு தண்ணி, ஹோஸ்ல முதல்ல வர்ற கொதிக்கிற தண்ணிய பக்கெட்டுல விட்டுட்டு அப்புறம் செடிக்கு காட்டுங்க. ஆர்.ஓ வேஸ்ட் தண்ணிய தினமும் ஊத்தாதீங்க, போர் தண்ணியே உப்பா இருக்குற ஏரியாவுல அதுல உப்பு இன்னும் அதிகம், இலை நுனி கருகும், மண்ணு மேல வெள்ளையா பூக்கும். ஏசி தண்ணிய தாராளமா ஊத்தலாம், ரெண்டையும் கலந்துகூட விடலாம்.

இலைக்கு அடியில செம்பேன் வலை கட்டும், தண்ணி பீச்சி அடிக்கிறதுதான் முதல் மருந்து. நல்ல வெயில்ல வேப்பெண்ணெய் அடிச்சா இலை பொசுங்கும். உரம், கவாத்து, தொட்டி மாத்துறது எதுவும் இப்ப வேண்டாம். கத்தரி செடிய மட்டும் சித்திரை ஆரம்பத்துலயே பாதியா வெட்டி நிழல்ல தள்ளி வச்சா மழை வந்ததும் துளிர்த்து இன்னொரு சுத்து காய்க்கும். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை இந்த மூணும் வலைக்கு அடியில வெயில தாங்கும், சமையலுக்கு அது ஓடும். கறிவேப்பிலை, எலுமிச்சையில பறவை எச்சம் மாதிரி ஒரு புழு உக்காந்திருக்கும், அது பட்டாம்பூச்சியோட புழு, ஒண்ணு ரெண்டு இருந்தா விட்டுடலாம், சின்ன செடின்னா எடுத்து பெரிய செடிக்கு மாத்திடுங்க.

லீவுக்கு ஊருக்கு போறவங்க எல்லா பையையும் நிழல் இருக்குற ஒரே மூலையில நெருக்கி வைங்க, ஒண்ணுக்கொண்ணு ஈரம் காக்கும். நாலு நாள்னா பெரிய பக்கெட் தண்ணியில இருந்து தடிமனான பருத்தித்துணி திரி விட்டு மண்ணுல புதைச்சா தாக்குப்பிடிக்கும். அதுக்கு மேலன்னா டைமர் வச்ச சொட்டுநீர், இல்லன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட மாடி சாவி. தண்ணி மட்டும் ஊத்துங்கக்கான்னு சொல்லாம, இருக்குற கீரை, வெண்டை எல்லாம் நீங்களே பறிச்சு சமைச்சுக்கங்கன்னு சொல்லிட்டு போங்க, அப்பதான் தினமும் ஏறி வருவாங்க.